ஒன்றரைச் சாண் வானம்

பொத்தான் தைக்கத்தான் எதிர்வீட்டுத் தையல்காரியிடம் வந்திருக்கிறேன். அந்தப் பொத்தானை வாசலில் நானே பிய்த்துக்கொண்டது வேறு கதை. அவள் வீட்டில் பட்டப்பகலில் விளக்கு எரிந்தால் எனக்குச் சோறு இறங்குமா? உள்ளறையில் அவள் புருஷன் கிடக்கிறார். ரம்பம் இழுப்பதுபோல் மூச்சு. காலையிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து மகன் கிளம்பிவிட்டான். அவன் வரும்வரை இந்த மூச்சு தாங்க வேண்டும். துணி வெட்டும் மேசையில் மகளின் பள்ளிக்கூட உலகப்படம் விரிந்திருக்கிறது. ஜன்னல் வெயில் அதன் கடல்மேல் விழுகிறது. தையல்காரி மகன் விமானம் ஏறிய ஊரில் அளவு நாடாவின் நுனியை வைத்து, நம் ஊர்வரை இழுக்கிறாள்.

"ஒன்றரைச் சாண்கூட இல்லடி, ரவிக்கைக் கைக்கே காணாது. இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று மகளைக் கேட்கிறாள்.

"நேரா பறந்தா சாயங்காலமே வந்துடுவான்மா," என்கிறாள் மகள், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நடுவுல இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கணும். நாளைக்குத்தான் வருவான்."

"ஆகாசத்துலயும் பஸ் ஸ்டாண்டு வச்சிருக்கானுங்களா?"

எனக்குச் சிரிப்பு வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். அவள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பாவாடைக்குக் கொசுவம் வைப்பதுபோல் கடலை மடித்து, இரண்டு ஊரையும் ஒட்டவைத்துக் குண்டூசி குத்துகிறாள். மடிப்பை நகத்தால் நீவுகிறாள். உள்ளே ரம்பம் நின்றுவிடுகிறது. மூவரும் குண்டூசியையே பார்க்கிறோம். வெகுநேரம் கழித்து, மெல்ல, மறுபடி ஓர் இழுப்பு.

"அக்கா, அந்த ஊசிப்பெட்டியை இப்படித் தள்ளுங்க," என்கிறாள் என்னிடம். "மடிப்பை இன்னும் கொஞ்சம் பிடிக்கணும்."