நாக்கைத் தூக்கு!

“நாக்கைத் தூக்கு!” என்றாள் அம்மா.

மகன் தூக்கிக் காட்டினான். “முழுங்கிட்டேம்மா. போன தடவையும் சத்தியமா முழுங்கினேன்.”

“அப்புறம் எப்படிடா வயித்துல புழு அப்படியே இருக்கு? மாத்திரைன்னாலே துப்புற ஆளாச்சே நீ!”

அப்போது மாடி வீட்டுப் பெண் சிரித்தபடி உள்ளே வந்தாள். அவள் புழுக்களின் ஜீன்களை ஆராய்கிறவள். இவன் வயிற்றுப் புழுவையும் சோதிக்க வாங்கிப் போயிருந்தாள்.

“திட்டாதீங்க ஆன்ட்டி. அந்தப் புழுவோட ஜீன்ல ஒரு அடையாளம் இருக்கு. அது இருந்தா இந்த மாத்திரையோட பாச்சா பலிக்காது. வேற மருந்துல போயிடும்.”

“பாத்தியாம்மா!” மகன் குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது.

“என் தங்கத்தைப் போய் சந்தேகப்பட்டுட்டேனே!” என்று அம்மா அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

அவன் பையை மாட்டிக்கொண்டு உற்சாகமாகப் பள்ளிக்கூடம் கிளம்பினான்.

அங்கே புழு மாத்திரைக்கான வரிசையில் முதலில் நின்ற சிறுமி, மாத்திரையை முழுங்கிவிட்டு வழக்கம்போல வாயைத் திறந்தாள்.

“நாக்கைத் தூக்கட்டுமா, டாக்டர் சார்?”

கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் குலுங்கச் சிரித்தான் மகன்.

“வேண்டாம்மா. முழுங்கிட்டேன்னு நீ சொன்னா, நான் நம்புறேன்.”