கட்சி மாறிய புத்தகம்

பள்ளியில் கொடுக்கும் அறிவியல் புத்தகம் எந்த வீட்டில் ஒரு வாரம் இருக்கிறதோ, அந்த வீட்டாருக்கே ஒத்து ஊதும். "கொசு இனத்தையே ஒழிக்கலாமா?" என்ற பாடம், டெங்குவுக்குத் தம்பியைப் பறிகொடுத்த பிரிசில்லாவிடம் "ஒழிக்கலாம்" என்றது, எதிர்வீட்டு மீன்பண்ணைக்காரர் மகன் ஆதவனிடம் "கூடவே கூடாது" என்றது.

ஒருமுறை அவள் தன் புத்தகத்தை ஆதவன் வீட்டில் மறந்து வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அது கட்சி மாறியிருந்தது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. ஆனாலும் கடைசிப் பக்கம்வரை படித்தாள்.

அதே தலைப்பில் நடந்த ஆண்டுவிழாப் பட்டிமன்றத்தில் நடுவர், "டெங்குவில் பிள்ளையை இழந்தவருக்கு என்ன பதில்?" என்றதும் ஆதவன் திணறினான். அவன் புத்தகத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

பிரிசில்லா எழுந்தாள். முதலில் ஆதவனின் கட்சியை அவனைவிட நன்றாக எடுத்துச் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாக மறுத்தாள். "கொசுப்புழுவை நம்பியிருக்கும் மீனுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை" என்று ஒப்புக்கொண்டாள். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

கோப்பையோடு இறங்கியவளை ஆதவன் மறித்தான். "எங்க கட்சியை எங்க படிச்ச?"

"உங்க வீட்டுல ஒரு வாரம் கிடந்த புத்தகத்துல."

அவன் பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்து நீட்டினான்.

"இது உங்க வீட்டுல ஒரு வாரம் இருக்கட்டும்."