கத்தாத மிஷின்

"ஒண்ணரை அடி ஆழத்துல பொதைச்சிருந்தாக்கூடக் காட்டிக் குடுத்துடுமா அங்கிள்?"

குளோரியா தயங்கித் தயங்கிக் கேட்டா. எஸ்.பி. ரோட்டுக் கடைக்குள்ள தலைக்கு மேல ஃபேன் ஓடுது, ஆனா அவளுக்கு முதுகெல்லாம் வேர்வை.

"ஒண்ணரை என்ன, ரெண்டடி!" கடைக்காரர் ரங்கா அந்த மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக் காட்டினாரு. நீளக் கம்பி, நுனியில தோசைக்கல்லு மாதிரி ஒரு வட்டம். "தங்கம், வெள்ளி, பித்தளை எல்லாத்துக்கும் கத்தும். ஈரமண்ணு, காஞ்சமண்ணு, எதுன்னாலும் கத்தும்."

"பாத்தியா குளோ? பொதையல் தேடப் புதுசா எறங்குறவனுக்கு இப்படி எல்லாத்துக்கும் ஆகுற ஒரே மிஷின்தான் சரி!" டாடி பெர்னார்டுக்கு வாயெல்லாம் பல்லு. ஃபேக்டரியில வி.ஆர்.எஸ். வாங்கிட்டு மூணு மாசமா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டிருந்தவரு. "பக்கத்துத் தெருவுல தண்ணித் தொட்டிக்கு சம்ப் தோண்டும்போது வெள்ளைக்காரன் காலத்துக் காசு கெடைச்சுதாம். நான் நாளைக்கே நம்ம பப்பாளி மரத்தடியில ஆரம்பிக்கிறேன். அங்கதான் மண்ணு பொலபொலன்னு இருக்கு."

பொலபொலன்னு இல்லாம? எட்டு மாசத்துக்கு முன்னாடி அந்த எடத்தைத் தோண்டினதே குளோரியாதானே.

டாடி சர்ச் பேண்டுல ட்ரம்பெட் வாசிக்கிறவரு. அவரு பர்த்டேக்குள்ள அதைப் பளபளன்னு ஆக்கி வெக்கலாம்னு, பித்தளைச் சொம்பு தேய்க்கிற நெனப்புல, பிரியாணி அண்டாவுல புளியைக் கரைச்சு ட்ரம்பெட்டை உள்ள எறக்கி, அடுப்புல ஏத்திட்டு டிவி முன்னாடி உக்காந்துட்டா குளோரியா. தண்ணி சுண்டி, பத்தவெச்ச ஈயமெல்லாம் உருகி, ட்ரம்பெட் மூணு துண்டாக் கழண்டு கெடந்துச்சு.

மூணையும் அன்னைக்கே பொதைச்சுட்டா. திருட்டுப் போச்சுன்னு டாடி ரெண்டு நாள் சாப்பிடல. பக்கத்து வீட்டுக்காரர், பேண்டுலயும் பக்கத்துல நிக்கிற லாயிட் அங்கிள் மேல சந்தேகப்பட்டு, இருபது வருஷ சிநேகிதத்தை ஒரே நாள்ல அறுத்துக்கிட்டாரு. இப்போ அது வெளிய வந்துச்சுன்னா டாடி போய் லாயிட் அங்கிள் கால்ல விழணும். வீட்டுக்கு வந்து குளோரியாவை உரிச்சு உப்பு தடவுவாரு.

"சாருக்கு வீடு எங்க?" ரங்கா கேட்டாரு.

"ஜீவனஹள்ளி. என் மிஸஸ்தான் இந்தக் கடை அட்ரஸை எழுதிக் குடுத்தா."

ரங்கா டாடியோட தொப்பியை ஒரு தடவை பார்த்தாரு. குளோரியாவை ஒரு தடவை பார்த்தாரு. தூக்கின மிஷினை மறுபடி ஷெல்ஃபுலயே சாத்திட்டு, கீழ குனிஞ்சு தூசி படிஞ்ச வேற ஒண்ணை எடுத்தாரு.

"அது பேடா சார், உங்களுக்கு வேணாம். இதை எடுத்துக்குங்க."

டாடி சாவிக்கொத்தைத் தரையில போட்டு, அதுக்கு மேல மிஷினை ஆட்டினாரு. சத்தமே இல்ல. பெல்ட்டைக் கழட்டி பக்கிளைக் காட்டினாரு. ம்ஹூம்.

"கத்தலையே!"

"அதான் சார் இதோட ஸ்பெஷாலிட்டி. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தாது. நம்ம ஊரு செம்மண்ணுல இரும்பு ஜாஸ்தி. அந்த மிஷின் வெறும் மண்ணைப் பார்த்தே கத்தும், நீங்க தோண்டித் தோண்டியே இடுப்பு ஒடிஞ்சு போவீங்க. இது மரியாதையான மிஷின்."

டாடி வாசலுக்குப் போய் இரும்பு ஷட்டர் மேலயே அதை ஒட்டி வெச்சாரு. "ஷட்டருக்குக்கூடக் கத்தலையேப்பா!"

"ஷட்டரு பொதையலா சார்?"

டாடி மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

பெங்களூர்லயே பெரிய ஃப்ராடு கடை இதுதான்னு குளோரியாவுக்குப் புரிஞ்சுபோச்சு. இப்படி ஒரு ஃப்ராடுகிட்ட கொண்டாந்து விட்டதுக்கு மாதாவுக்கு ஏழு மெழுகுவத்தி ஏத்தறேன்னு மனசுக்குள்ளயே வேண்டிக்கிட்டா.

"டாடி, இதையே வாங்கிடலாம். அந்த மிஷின் நாள் முழுக்கக் கத்தினா லாயிட் அங்கிள் காம்பவுண்ட் சுவர்ல ஏறி நின்னு சிரிப்பாரு."

லாயிட் பேரைக் கேட்டதும் டாடி பர்ஸைத் தொறந்துட்டாரு. "நான் ஸ்கூட்டர்ல கட்டறேன், நீ வாரண்டி கார்டை வாங்கிட்டு வா"ன்னு மிஷினைத் தோள்ல சாத்திக்கிட்டு, துப்பாக்கி தூக்கின சிப்பாய் மாதிரி நடந்து போனாரு.

குளோரியா மெதுவாக் கேட்டா: "அங்கிள்... நெஜமாவே அது எதையும் கண்டுபிடிக்காதுல்ல?"

"எப்படி பாப்பா கண்டுபிடிக்கும்? உள்ள காப்பர் காயிலே இல்லையே." ரங்கா குரலைத் தணிச்சாரு. "நேத்து உங்க மம்மி வந்துட்டுப் போனாங்க. தொப்பி போட்ட ஆளு, ஜீவனஹள்ளி, கூட ஒரு பொண்ணு வரும், என்ன ஆனாலும் கத்தாத மிஷினாப் பார்த்துக் குடுத்துடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க."

குளோரியாவுக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. அப்போ மம்மிக்கு எல்லாம் தெரியும்! எட்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டே, ஒரு வார்த்தை கேக்காம, தன்னைக் காப்பாத்தியிருக்காங்க!

"பப்பாளி மரத்தடியில கத்தக் கூடாதுன்னுதானே அங்கிள் சொன்னாங்க?"

ரங்கா தலையைச் சொறிஞ்சாரு.

"பப்பாளி மரமா? துணி தொவைக்கிற கல்லுக்கு அடியிலன்னு சொன்னாங்களே... அங்க என்ன பாப்பா இருக்கு?"