வெள்ளத்தன்று தூக்கியது யார்

கணவனும் மனைவியும் இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளும் நினைவுப்பெட்டியை விற்பனைக்கு முன் சோதித்துப் பார்ப்பது யாழரசியின் வேலை. புதிய பெட்டியை அம்மா அப்பாவுக்கே மாட்டிவிட்டுக் கேட்டாள்.

"வெள்ளத்தன்னைக்கு என்னைத் தூக்கிட்டு வந்தது யாரு? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நெனைங்க."

யார் நினைவு முந்துகிறதோ அது பெட்டியில் பதியும். இருவரும் கண்ட ஒரே நிகழ்ச்சி என்பதால், யார் முந்தினாலும் ஒரே பதில்தான் வர வேண்டும். திரையில் முதலில் அப்பா பெயர் வந்தது, அடுத்த தடவை அம்மா பெயர். பத்துத் தடவை பார்த்தும் மாறிக்கொண்டே இருந்தது. 'பழுது' என்று எழுதினாள்.

"பழுதெல்லாம் இல்லடி. நான் அப்பாவைத்தான் நெனைச்சேன். நெஞ்சளவு தண்ணியில அவருதான தூக்குனாரு," என்றாள் அம்மா.

"பாதி வழியிலயே எனக்குக் கால் மரத்துப்போச்சு. மிச்சத் தூரம் தூக்குனது உங்கம்மாதான்," என்றார் அப்பா.

யாழரசி 'பழுது' என்பதை அடித்து நீக்கினாள். அன்று அவளுக்கு மூன்று வயது. நினைவில் இருப்பது ஒன்றுதான்: அவளுடைய கவுன் நனையவேயில்லை.