பின்வரிசை செக்ரட்டரி

"அடுத்தது, கம்ப்யூட்டர் ஒண்ணுமே தெரியாதவங்க கையைத் தூக்குங்க. உங்களுக்குத்தான் முன்வரிசை" என்றார் இந்து டீச்சர்.

முதலில் உயர்ந்த கை யோகப்பிரியாவுடையது.

பின்வரிசையில், நன்றாகத் தெரிந்தவர்கள் நடுவே கால்மேல் கால் போட்டிருந்த அவள் கணவர் பூபதிராஜாவுக்குக் காது சூடேறியது.

பக்கத்திலிருந்த அர்த்தநாரி சும்மா இருப்பாரா?

"செக்ரட்டரி சாரே, எம்.சி.ஏ. படிச்ச அம்மிணிக்கே ஒண்ணுந் தெரியாதாமா! எங்க எருமைக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க!"

பால் சொசைட்டி மண்டபமே சிரித்தது.

அடுத்த மாதத்திலிருந்து பால் கணக்கைச் செக்ரட்டரியே சொசைட்டியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். முடியாதவர் பதவியை விட்டுவிட வேண்டும். அதற்குத்தான் இந்த வகுப்பு. மெம்பர்கள் வீட்டாரும் வரலாம் என்றார்கள்.

பூபதிராஜாவுக்குத் தன்னைப் பற்றிக் கவலையே இல்லை. இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்கு முடிப்பவர் அவர். பெருமையாக மனைவியையும் அழைத்து வந்தால், வந்த இடத்தில் இப்படியா?

முதல் நாள் வகுப்பு முடிந்ததும், நாற்காலியில் போட்ட துண்டைக்கூட எடுக்காமல் விருட்டென்று வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார். யோகப்பிரியா சற்றுப் பிந்தி வந்து ஏறிக்கொண்டாள்.

சித்தூர் கடைவீதி தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தென்னந்தோப்பு வந்ததும் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஏம்புள்ள, உனக்கு அறிவிருக்குதா? கோயமுத்தூர்ல போய்ப் படிச்சவ, ஒண்ணுந் தெரியாதுன்னு வாய் கூசாமப் பொய் சொல்ற! அந்த அர்த்தநாரி பல்லைக் காட்டறான். நம்மூட்டு மானமே போச்சு!"

யோகப்பிரியா வண்டியிலிருந்து இறங்கி நின்றாள்.

"பின்னாடி வந்து எம்பக்கத்துல உக்காந்திருந்தா என்ன கொறஞ்சு போயிருப்ப?"

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? நம்மூட்டுக் கம்ப்யூட்டரை எப்படித் தொறக்கறதுங்க?"

"இதென்ன கேள்வி? நீதான தெனமும் தொறந்து வெப்ப."

"அப்பறங்க?"

"அப்பறமென்ன, நான் கணக்கைச் சொல்லுவேன். நீ அடிப்ப. நான் சொல்லுவேன்... நீ..."

வேகமாக வந்த பேச்சு பாதியில் நின்றது.

கழுத்தெல்லாம் வேர்த்தது. துடைக்கத் தோளைத் தடவினார்.

"எந் துண்டு எங்க புள்ள?" குரல் இறங்கியிருந்தது.

"நீங்க விட்டுட்டு வந்தீங்கல்ல, அதை எடுத்து முன்வரிசையில எம்பக்கத்து நாற்காலில போட்டு எடம் புடிச்சு வெச்சிருக்கறனுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா, ஒண்ணுந் தெரியாத பொண்டாட்டிக்குத் துணைக்கு வந்தேன்னு சொல்லிப் போடுங்க."