இடது கை

அவருடைய இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டி முடித்த பிறகுதான், பேரைக் கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

சாட்சாத் கடவுளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் பேர், வயது கேட்டு, டியூபில் ஒட்டிய லேபிளோடு சரிபார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும். அது அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சட்டம். ஒன்பது வருடத்தில் அவள் ஒருநாளும் தவறியதில்லை.

பேராவது போகட்டும். கை?

எல்லோரையும் போல அவர் வலது கையைத்தான் நீட்டினார். சட்டைக் கையை இன்னும் மடிக்கக்கூட இல்லை. அவள் பாட்டுக்கு அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இடது கையை இழுத்துக்கொண்டாள்.

வலது கையில் நரம்பு கிடைக்காது. பட்டறையில் மெஷின் இழுத்த கை அது. முழுக்கைச் சட்டைக்குள் இருக்கும் அந்தத் தழும்பு வீட்டு ஆட்களுக்கு மட்டுமே தெரியும்.

வீட்டு ஆட்களில் அவளும் ஒருத்தி. ஒரு காலத்தில்.

பதினான்கு வருடத்துக்கு முன், அரும்பு மீசை வைத்த மகனாக அவர் முன்னால் நின்று, தான் பெண் என்று சொன்னாள். இனி என் கண்ணில் முழிக்காதே என்றார். அப்பா பேச்சை அவள் தட்டாமல் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பிறகு ஆபரேஷன், லேப் படிப்பு, புதுப் பெயரில் அடையாள அட்டை, அலைந்து திரிந்து பிடித்த வாடகை வீடு, இந்த வேலை.

போன மாதம் அவர் திடீரென்று இங்கே வந்து நின்றபோது, மாஸ்க்கைக் கண்வரை ஏற்றிக்கொண்டாள். பேர் கேட்டாள். முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல் சொன்னார். வலது கையைத் தட்டித் தடவி, நரம்பைத் தேடுவதாக நடித்து, பிறகுதான் இடது கைக்கு வந்தாள். தினம் நூறு கை பார்ப்பவளுக்கு எந்தக் கையும் நினைவிருக்காது என்பதுபோல, மூன்று முறை இதே நாடகம்.

அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது நிம்மதியா வருத்தமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. தெரிந்துவிட்டால் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

இன்று வரிசை வாசல்வரை நின்றது. வெறும் வயிற்றோடு வந்தவர்களின் முணுமுணுப்பு வேறு. அந்த அவசரத்தில் கை முந்திக்கொண்டுவிட்டது.

"பேரு?" என்றாள், பட்டை கட்டி முடித்த பிறகு.

சொன்னார்.

"வயசு?"

"எழுபது."

மடிக்காத வலது சட்டைக் கையை ஒருமுறை பார்த்தார். பட்டை கட்டிய இடது கையைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சவரத்தில் லேசாகக் கீறினாலே தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிற மனிதர்.

ஊசி இறங்கியது. டியூப் நிறைந்தது. பஞ்சை வைத்து அழுத்தினாள். இதோ கேட்கப்போகிறார் என்று, குனிந்த தலையை நிமிர்த்தாமல் டியூபின் லேபிளை மறுபடி சரிபார்த்தாள்.

"வரேம்மா" என்று எழுந்து போனார்.

அவ்வளவுதான். கவனிக்கவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். கண் மட்டும் ஏனோ கரித்தது.

கூட்டம் வடிந்த பிறகு, வரவேற்பில் இருக்கும் பெண் மூன்று கவர்களோடு வந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ரத்தம் குடுப்பாரே அந்தப் பெரியவர், ஒரு ரிப்போர்ட்டைக்கூட வாங்கிட்டுப் போகலை. டாக்டர் சீட்டும் கிடையாது, அவரா வந்து சுகர் பாக்கணும்ங்கிறார். சுகரே இல்லக்கா அவருக்கு! போன வாரம் நீங்க லீவு, வேற ஆள் எடுப்பாங்கன்னு சொன்னேன். உள்ள எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டார். ஃபோன் போட்டு வாங்கிக்கச் சொல்லட்டுமா?"

அவள் கவர்களை வாங்கிப் பார்த்தாள். ஸ்டேப்ளர் பின் அடித்தது அடித்தபடியே இருந்தது.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். "அடுத்த வாரம் வருவாரு."

மூன்றையும் தன் மேஜையின் அடி அறைக்குள் வைத்துப் பூட்டினாள்.