நிற்க ஓர் ஆள்

"அம்மணி, எழுந்திரு. 'மை சிஸ்டர்'... அடுத்து 'கோ'வா, 'கோஸ்'ஸா?"

"கோ, சார்."

வகுப்பே சிரித்தது. சுப்பராயலு மார்க்கர் பேனாவை மேசையில் எறிந்தார்.

சேலையூர் கேம்ப் ரோட்டில், மருந்துக்கடை மாடியில் அவருடைய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. காலை ஏழிலிருந்து எட்டரை வரை. அங்கே ஒரு சட்டம் உண்டு. கேள்வி வரிசையாக வரும். தப்பாகச் சொன்னவர் நிற்க வேண்டும். இன்னொருவர் தப்புச் செய்கிறவரை உட்காரக் கூடாது.

"மூணு மாசமா இதே பாடம்! ஒருத்தர்னா 'கோஸ்', பல பேர்னா 'கோ'. எழுவாய் எப்படியோ வினையும் அப்படி. எல்.கே.ஜி. புள்ளைக்குப் புரியுது. உன் மண்டையில இன்னா கீது?" அவள் பேச்சையே பேசிக் காட்டினார்.

"தெர்ல சார். ஸ்கேன் எடுத்துதான் பாக்கணும்."

மறுபடி சிரிப்பு. அம்மணியும் சிரித்தாள். சுப்பராயலு சிரிக்கவில்லை.

அதுவரை நின்றுகொண்டிருந்த சத்யபிரியா உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண். 'எவ்ரி கஸ்டமர்' என்று ஆரம்பித்து 'வான்ட்' என்று முடித்ததற்காக நின்றவள். சேர்ந்த புதிதில், "உக்காந்துக்கிட்டே கேக்கட்டுமா சார்?" என்று ஒருமுறை கேட்டாள். "ரூல்னா ரூல். நின்னாதான் ஏறும்" என்றுவிட்டார்.

"இன்னிக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா அம்மணி? உங்க ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்கு ஆள் கேட்டிருக்காங்க. வாயால சரியாச் சொல்றவங்க பேரைத்தான் அனுப்புவேன்னு நேத்தே சொன்னேன்."

"சொன்னீங்க சார்."

"பதினோரு வருஷமா வார்டுல மாப் போடற. நாற்காலியில உக்காரணும்னு ஆசை மட்டும் இருந்தாப் போதுமா?"

அம்மணியின் சிரிப்பு நின்றது. ஆனால் தலை குனியவில்லை.

சுப்பராயலு பட்டியலை எடுத்து, அவள் பெயர்மேல் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். அவள் அதைப் பார்த்தபடியே எட்டரை வரை நின்றாள்.

வகுப்பு கலைந்தது. முந்தின நாள் எழுத்துத் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தவர் மூன்றாவது தாளில் நின்றுவிட்டார்.

இருபதுக்கு இருபது. வேண்டுமென்றே குழப்பிக் கொடுத்த கேள்விகள்கூடச் சரி. பெயர், அம்மணி.

பக்கத்தில் பார்த்து எழுதியிருப்பாளோ? பக்கத்தில் சத்யபிரியா. அவளுக்கு ஆறு.

ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கீழே அம்மணி ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி! மேல வா!"

வந்தாள்.

"இது யார் எழுதிக் குடுத்தது?"

"நான்தான் சார் எழ்தினேன்."

"பொய் சொல்லாத."

பலகையைத் துடைத்துவிட்டு, சரமாரியாக ஏழெட்டு வாக்கியம் கேட்டார். அவர் முடிக்கும் முன்பே பதில் வந்தது. ஒன்றும் தப்பவில்லை.

சுப்பராயலுவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்ப வகுப்புல என்னை வெச்சுக் காமெடி பண்ணியா? ஒரு வார்த்தை சரியாச் சொல்லியிருந்தா உன் பேரு போயிருக்கும். வேலையை நீயே கெடுத்துக்கிட்டியே!"

"போனாப் போவுது சார்." குரல் லேசாக உடைந்தது. பார்வை உடையவில்லை. "பேரை அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும். ஆனா நாளைக்கும் வருவேன். நாளைக்கும் தப்பாதான் சொல்லுவேன்."

"என்ன திமிரு! ஏன்?"

"அந்தப் பொண்ணு சத்யா ஒம்போதரைக்குக் கடையில நிக்க ஆரம்பிச்சா ராத்திரி பத்து வரைக்கும் உக்கார வுட மாட்டாங்க. ரெண்டு காலும் வீங்கிக் கீது. நானாச்சும் நைட் டூட்டி முட்ச்சிகினு வரேன், வூட்டுக்குப் போனா படுத்துக்குவேன். உங்க ரூலு இருக்கற வரைக்கும், அது உக்காரணும்னா பக்கத்துல யாராச்சும் ஒரு முட்டாள் இருந்தாவணுமே சார்!"